முதல் 5 கி.மீ. ஓட்டம்: 48 நிமிடம் ஆகிற ஆள் பெயர் கொடுக்கலாமா?

பீளமேடு_காலை

எல்லோருக்கும் வணக்கம். கோவையில்தான் இருக்கிறேன், வயது 51. டாக்டர் சொல்லி நடக்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆறு மாதமாக நடையோடு கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டமும் சேர்ந்திருக்கிறது. ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று 2.5 கி.மீ. என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். இரண்டு சுற்று முடிக்க எனக்கு 48 நிமிடம் ஆகிறது. நல்ல நாளில் 47. அதற்குக் கீழே வந்ததே இல்லை.

அடுத்த மாதம் அதே ரேஸ்கோர்ஸில் ஒரு 5 கி.மீ. ஓட்டம் இருக்கிறது. அலுவலகத்தில் எட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் முப்பது வயதுப் பிள்ளைகள், அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். "அக்கா, நீங்களும் வாங்க" என்று கூப்பிடுகிறார்கள். எனக்கும் ஆசைதான். விண்ணப்பத்தைத் திறந்து பெயர், வயது, ரத்த வகை எல்லாம் போட்டுவிட்டு, பணம் கட்டுகிற இடத்தில் மூன்று முறை மூடிவிட்டேன்.

பயம் இதுதான். எல்லோரும் முடித்துப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் தனியாக ரோட்டில் வந்துகொண்டிருப்பேனா? மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருப்பேனா? எனக்குச் சர்க்கரைக்கு மாத்திரையும் உண்டு. மெதுவாக ஓடுகிறவர்கள் யாராவது அனுபவத்தைச் சொல்லுங்களேன்.

ரேஸ்கோர்ஸ்_5மணி

அக்கா, முதலில் பணத்தைக் கட்டிவிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

நான் ஏழெட்டு வருடமாக ஓடுகிறேன். நம் ஊர் 5 கி.மீ. பிரிவில் பாதிப் பேர் நடப்பவர்கள்தான். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிற அப்பாக்கள், பள்ளிப் பிள்ளைகள், எழுபது வயது தாத்தா, பாட்டி எல்லோரும் அதில்தான் இருப்பார்கள். 48 நிமிடம் என்றால் கூட்டத்தின் நடுவில்தான் வருவீர்கள். ரோட்டில் தனியாக வருகிற பேச்சே இல்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள்: முதல் கிலோமீட்டர். மைக்கில் பாட்டுப் போட்டு, பத்து ஒன்பது எட்டு என்று எண்ணி, எல்லோரும் கத்திக்கொண்டு கிளம்பும்போது காலும் தானாகக் கிளம்பிவிடும். உங்களுக்கு வழக்கமாகக் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 36 விநாடி ஆகிறது. அன்றைக்கு முதல் கிலோமீட்டரை ஏழரை நிமிடத்தில் ஓடியிருப்பீர்கள், அது தெரியவும் தெரியாது. இரண்டாவது கிலோமீட்டரில் மூச்சு வாங்கும், மூன்றாவதில் விலாவில் பிடிக்கும், அப்புறம் மிச்சம் முழுக்க நடைதான். மெதுவாக ஓடுகிறவர்கள் சோர்ந்து போவது மெதுவாக ஓடியதால் இல்லை. முதல் கிலோமீட்டரை அடுத்தவர் வேகத்தில் ஓடியதால்தான்.

கூட்டத்தின் கடைசியில் போய் நில்லுங்கள். எல்லோரும் கிளம்பட்டும். "இவ்வளவு மெதுவாகவா போகிறேன்?" என்று உங்களுக்கே கூச்சமாக இருக்கிற வேகம்தான் முதல் சுற்றுக்குச் சரியான வேகம்.

வேகம்_பத்துகே

நானும் சொல்லிவிடுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மெதுவாக ஓடுகிறவர்கள் வருவது எனக்குப் பிரச்சினையே இல்லை. ஆனால் நடக்கப் போகிறவர்கள் ஸ்டார்ட் லைனில் முதல் வரிசையில் நிற்பது ஆபத்து. போன வருடம் ஒரு ஓட்டத்தில் கிளம்பி நூறு மீட்டர்கூட ஆகவில்லை, எனக்கு முன்னால் போன நான்கு பேர் கை கோத்துக்கொண்டு செல்ஃபி எடுக்க நின்றுவிட்டார்கள். பின்னால் வந்த பையன் அவர்கள் மேல் மோதி முழங்கையைத் தேய்த்துக்கொண்டான்.

இடது பக்கம் ஓரமாகப் போவது, இரண்டு பேருக்கு மேல் வரிசையாகப் போகாமல் இருப்பது, நிற்க வேண்டுமானால் திரும்பிப் பார்த்துவிட்டு ஓரத்துக்கு வந்து நிற்பது. இவ்வளவு போதும். ரேஸ்கோர்ஸில் இரண்டு சுற்று என்பதால் வேகமாக ஓடுகிறவர்கள் இரண்டாவது சுற்றில் உங்களைத் தாண்டுவார்கள். அதனால்தான் சொல்கிறேன்.

ஒண்டிப்புதூர்64

அந்த அம்மா கேட்ட பயம் வெறும் பயம் இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஓட்டம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

போன வருடம் என் 64-வது வயதில் முதல் ஓட்டம். மருமகள்தான் பெயர் கொடுத்தாள். பாதி தூரம் போனதும் தண்ணீர் மேசை இருந்தது, தண்ணீர் இல்லை. இருபது லிட்டர் கேன்கள் கவிழ்த்து வைத்திருந்தார்கள், கீழே காகிதக் கப் சிதறிக் கிடந்தது. அங்கே நின்ற பிள்ளை, "சாரி தாத்தா, தீர்ந்துருச்சு" என்றான். அவன் மேல் தப்பில்லை. கடைசி ஒரு கிலோமீட்டரில் ரோட்டைத் திறந்துவிட்டார்கள். ஒரு பக்கம் டவுன் பஸ், ஒரு பக்கம் நான். முடிக்கிற இடத்துக்கு வந்தபோது அங்கே நிறுத்தியிருந்த காற்றடைத்த வளைவைக் காற்று இறக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மெடல் தீர்ந்துவிட்டது, வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோம் என்று போன் நம்பர் வாங்கினார்கள். இன்று வரை வரவில்லை.

நேரம் 58 நிமிடம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை ஐயா. முதலில் வந்தவர் கட்டிய அதே பணத்தைத்தான் நானும் கட்டினேன்.

மெடல் போனால் போகிறது. ஆனால் அந்த வளைவுக்குக் கீழே ஓடி வரவேண்டும் என்று மூன்று மாதம் விடிகாலை எழுந்திருந்தேன்.

தண்ணீர்ப்பந்தல்

ஐயா, உங்கள் பதிவைப் படித்து மனது கஷ்டமாகிவிட்டது. நான் சின்ன ஓட்டங்களில் வாலண்டியராக இருக்கிறவன், தண்ணீர் மேசைதான் எப்போதும் என் வேலை. இது ஏன் நடக்கிறது என்று உள்ளேயிருந்து சொல்கிறேன். நடந்ததை நியாயப்படுத்தச் சொல்லவில்லை.

போக்குவரத்துக் காவல்துறை ரோட்டை மறிக்க அனுமதி கொடுக்கும்போது ஒரு நேரம் போட்டுத்தான் கொடுக்கும். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய ஓட்டம், சிறப்பு விருந்தினர் வரத் தாமதமாகி ஆறே காலுக்குக் கிளம்பினால், அந்தப் பதினைந்து நிமிடம் மொத்தமும் கடைசியில் வருகிறவர் தலையில்தான் விழும். வேகமாக ஓடுகிறவருக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

தண்ணீர் கதை வேறு. தலைக்கு ஒரு கப் என்று கணக்குப் போட்டு வைப்பார்கள். முன்னால் வருகிறவர்கள் ஒன்றைக் குடித்து, ஒன்றைத் தலையில் ஊற்றி, ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போவார்கள். 10 கி.மீ. ஓடுகிறவர்களும் அதே மேசைக்குத்தான் வருவார்கள். வெயில் ஏறிய பிறகு வருகிறவர்களுக்குத்தான் தண்ணீர் அதிகம் தேவை, அப்போதுதான் கேன் காலியாக இருக்கும். இரண்டு வருடமாக எங்கள் மேசையில் நான்கு கேனைத் துணி போட்டு மூடி மேசைக்கு அடியில் தனியாக வைத்துவிடுகிறோம். கடைசி ஆள் தாண்டும் வரை அதை வேறு யாருக்கும் திறப்பதில்லை. மெடலிலும் அப்படி ஒரு பையைத் தனியாகக் கட்டி வைக்கிறோம். செலவு ஒன்றும் கூடவில்லை.

பீளமேடு அக்கா, பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: 5 கி.மீ.க்குக் கட்-ஆஃப், அதாவது முடிக்க வேண்டிய கடைசி நேரம், எவ்வளவு, கடைசி ஆளுடன் யாராவது வருவார்களா, ஃபினிஷ் வளைவு எத்தனை மணி வரை நிற்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் நிம்மதியாக வரலாம்.

சிங்கை_கிழக்கு

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் சனிக்கிழமை தோறும் காலை 7.30-க்கு பார்க்ரன் நடக்கும். 5 கி.மீ., கட்டணம் கிடையாது. ஒரு தடவை பதிந்து பார்கோடு வாங்கிக்கொண்டால் எந்த ஊர் பார்க்ரன்னிலும் ஓடலாம். 2004 அக்டோபர் 2 அன்று லண்டன் புஷி பார்க்கில் வெறும் 13 பேர் ஓடி ஆரம்பித்தது இது.

அதில் எனக்குப் பிடித்தது டெயில் வாக்கர் என்கிற ஏற்பாடு. ஒவ்வொரு வாரமும் ஒரு வாலண்டியர் எல்லோருக்கும் கடைசியாக வருவார். அவருடைய வேலையே அதுதான். அதனால் ஓட வந்த யாரும் கடைசியாக வர முடியாது. அவர் கோட்டைத் தாண்டிய பிறகுதான் கடிகாரத்தை நிறுத்துவார்கள்.

என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது அழைத்துப் போனேன். புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக நடந்தே வந்தார். டெயில் வாக்கராக வந்தது ஒரு சீனப் பெரியவர். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது. ஆனாலும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே வந்தார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "அவருக்கும் முட்டி வலியாம்" என்கிறார் அம்மா.

வேகம்_பத்துகே

ஒண்டிப்புதூர் ஐயாவுக்கு நடந்தது அநியாயம். மறுபேச்சு இல்லை.

ஆனால் கட்-ஆஃபே கூடாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரோடு எல்லோருக்கும் உரியது. ஆம்புலன்ஸ் போக வேண்டும், வேலைக்குப் போகிறவர் போக வேண்டும். கட்-ஆஃப் வையுங்கள், முன்கூட்டியே சொல்லுங்கள், சொன்ன நேரம் வரை எல்லாம் இருக்கட்டும். ஒரு மணி நேரம் என்று அச்சடித்துவிட்டு ஐம்பதாவது நிமிடத்தில் வளைவை இறக்குவதுதான் தப்பு.

மருந்துப்பெட்டி

சர்க்கரைக்கு மாத்திரை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், அதை யாரும் கவனிக்கவில்லை. நான் மருந்தாளுநர். ஓட்டத்துக்கு முன் உங்கள் டாக்டரைப் பார்த்து, எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை ரொம்பத் தாழ்ந்து போவது அரிது. கிளைமிபிரைடு, கிளைகிளசைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் உடற்பயிற்சியின்போது தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு. நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

பாக்கெட்டில் நான்கு குளுக்கோஸ் மிட்டாயோ ஒரு சின்னக் குளுக்கோஸ் பாக்கெட்டோ இருக்கட்டும். கடலை மிட்டாய் இதற்கு உதவாது, அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். கை நடுங்கினாலோ, சம்பந்தமில்லாமல் வியர்த்துக் கண் இருட்டினாலோ உடனே நின்று வாயில் போடுங்கள். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி என்றால் ஓட்டம் அங்கேயே முடிந்தது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்கள் வாட்ச் காட்டும் நாடித்துடிப்பைப் பார்த்து ஓடக் கூடாது. மாத்திரை துடிப்பை ஏறவிடாது. நீங்கள் திணறிக்கொண்டிருப்பீர்கள், வாட்ச் "நிதானமாக ஓடுகிறீர்கள்" என்று சொல்லும். அதைவிடப் பேச்சுதான் நம்பகமான அளவுகோல். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரி.

பீளமேடு_காலை

எல்லோருக்கும் நன்றி. பணம் கட்டிவிட்டேன்! கட்-ஆஃப் 70 நிமிடமாம், போன் பண்ணிக் கேட்டேன். டாக்டரையும் பார்த்தேன். மெட்ஃபார்மின் மட்டும்தான் எனக்கு, ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுத் தாராளமாக ஓடுங்கள் என்றார்.

இன்னொரு சந்தேகம். எனக்குத் தொடர்ந்து ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் ஓட வராது. இடையில் நடந்தால் அதை ஓட்டம் என்று கணக்கில் சேர்ப்பார்களா?

முழுஓட்டம்

என் கருத்தைச் சொல்கிறேன். ஓட்டம் என்று பெயர் வைத்தால் ஓட வேண்டும். நான் இரண்டு மாதம் பயிற்சி செய்து நிற்காமல் ஓடி முடித்தபோது வந்த திருப்தி, நடந்து முடித்திருந்தால் வந்திருக்காது. உங்களாலும் முடியும் என்றுதான் சொல்கிறேன். கவுச் டு 5கே என்று ஒரு திட்டம் இருக்கிறது. வாரம் மூன்று நாள், ஒன்பது வாரம். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று ஆரம்பித்து, கடைசியில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட வைத்துவிடும். நான் அதில் வந்தவன்தான்.

ரேஸ்கோர்ஸ்_5மணி

முழுஓட்டம் தம்பி, அந்தத் திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் அக்காவுக்கு ஒன்பது வாரம் இல்லை, நான்கு வாரம்தான் இருக்கிறது. நடுவில் நடப்பது தகுதிக் குறைவு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். ஜெஃப் காலோவே என்று ஒரு அமெரிக்கர், 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸில் 10,000 மீட்டர் ஓடியவர். ஓட்டம், நடை, மறுபடி ஓட்டம் என்று மாற்றி மாற்றிப் போகும் முறையைப் பரப்பியவர் அவர்தான். இதில் சூட்சுமம் ஒன்றுதான்: களைத்த பிறகு நடக்கக் கூடாது, களைப்பதற்கு முன்னாலேயே நடக்க வேண்டும். கிளம்பிய இரண்டாவது நிமிடத்திலேயே.

அக்கா, உங்களுக்கு ஒரு கணக்குப் போட்டேன். இரண்டு நிமிடம் ஓட்டம், கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்ற வேகத்தில். அதில் 250 மீட்டர் போவீர்கள். அப்புறம் ஒரு நிமிடம் வேக நடை, கிலோமீட்டருக்கு 11 நிமிடம் என்ற வேகத்தில். அதில் 90 மீட்டர். மூன்று நிமிடத்தில் 340 மீட்டர். இப்படியே போனால் 5 கி.மீ. 44 நிமிடத்துக்குப் பக்கத்தில் முடியும். நீங்கள் இப்போது 48-ல் முடிக்கிறீர்கள். ஏழு நிமிடம் ஓடித் திணறி, மூச்சு வரும் வரை தள்ளாடி நடப்பதில்தான் அந்த நான்கு நிமிடம் போகிறது.

வாட்சில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு பீப், ஒரு நிமிடத்துக்கு ஒரு பீப் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வாரம் இதையே பழகுங்கள், வாரம் மூன்று நாள் போதும். நடுவில் ஒரு நாள் விட்டு விட்டு. கடைசி வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

ஒண்டிப்புதூர்64

ஓட்டம் என்றால் ஓட வேண்டும் என்று சொன்ன தம்பிக்கு ஒரு சேதி. பௌஜா சிங் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 89-வது வயதில் லண்டனில் முதல் மாரத்தான். 2011-ல் டொரான்டோவில், தம் நூறாவது வயதில், 8 மணி 11 நிமிடத்தில் 42 கி.மீ. முடித்தார். அதில் எவ்வளவு நடை, எவ்வளவு ஓட்டம் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

வேகம்_பத்துகே

நானும் இதைச் சேர்க்கிறேன். 2021 டிசம்பர் 31 அன்று பார்சிலோனாவில் எத்தியோப்பியாவின் பெரிஹு அரெகாவி சாலையில் 5 கி.மீ.யை 12 நிமிடம் 49 விநாடியில் முடித்தார், உலக சாதனை. என் சிறந்த நேரம் 25 நிமிடம். அவர் முடித்துக் குளித்துவிட்டு வந்தாலும் நான் ஓடிக்கொண்டிருப்பேன். 25, 35, 48 என்று நமக்குள் பிரித்துக்கொள்வதில் ஒன்றும் இல்லை.

வடவள்ளி_ஓட்டக்காரி

ஆண்கள் யாரும் துணிமணி பற்றிப் பேசவில்லை, அதனால் நான் வருகிறேன்.

அக்கா, பிப்போடு, அதாவது சட்டையில் குத்துகிற எண் அட்டையோடு, ஒரு டி-ஷர்ட் கொடுப்பார்கள். அதை அன்றைக்கே போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். புதுத் துணி, கழுத்தும் அக்குளும் உரசும். ஏற்கெனவே ஓடிப் பழகியதையே போடுங்கள், ஷூவும் அப்படியே. பருத்தி வியர்வையைக் குடித்துக் கனமாகிவிடும், சீக்கிரம் உலர்கிற துணி நல்லது. உள்ளாடையின் தையல் உரசுகிற இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள், தேங்காய் எண்ணெயும் போதும். சுடிதார் டாப்ஸ் வசதி என்றால் அதிலேயே ஓடுங்கள், நான் முதல் மூன்று ஓட்டமும் அப்படித்தான் ஓடினேன். துப்பட்டா மட்டும் வேண்டாம்.

பிப்பை நான்கு மூலையிலும் ஊக்கு போட்டு முன்பக்கம் குத்துங்கள். நேரம் பதிகிற சிப் அதன் பின்னால்தான் ஒட்டியிருக்கும், மடிக்கக் கூடாது. உங்கள் 5 கி.மீ.க்கு சிப் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பல ஓட்டங்களில் 10-க்கு மேல்தான் கொடுப்பார்கள். சிப் இருந்தால் நீங்கள் ஸ்டார்ட் கோட்டைத் தாண்டும்போதுதான் உங்கள் நேரம் ஆரம்பிக்கும், கடைசியில் நின்றாலும் நஷ்டமில்லை.

அப்புறம் கழிப்பறை. ஐநூறு பேருக்கு நான்கு மொபைல் டாய்லெட் வைப்பார்கள், பெண்கள் வரிசை நகரவே நகராது. வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். எழுந்தவுடன் ஒரு டம்ளர் தண்ணீர், ஓட்டத்துக்கு முக்கால் மணி முன்னால் ஒரு வாழைப்பழம். வழக்கமாகக் காபி குடிப்பீர்கள் என்றால் குடியுங்கள். அன்றைக்குப் புதிதாக எதையும் முயற்சி செய்ய வேண்டாம்.

பீளமேடு_காலை

முடித்துவிட்டேன்!

நேற்றே எழுதியிருக்க வேண்டும். மத்தியானம் தூங்கி எழுந்தால் சாயந்தரம் ஆகிவிட்டது, மாடிப்படி இறங்க முடியவில்லை. இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

ஐந்தரை மணிக்கே போய்விட்டேன். இருட்டு விலகவில்லை, நல்ல குளிர். தாமஸ் பார்க் பக்கம் கார் நிறுத்த இடம் தேடுகிற கூட்டம். ஊக்கு குத்தும்போது கை நடுங்கியது, பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பெண்தான் வாங்கிக் குத்திவிட்டாள். அலுவலகப் பிள்ளைகள் முன்னால் வரச் சொல்லி இழுத்தார்கள். நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது, பின்னால் போய் நின்றுகொண்டேன். அங்கே பார்த்தால் எல்லாம் என்னைப் போலத்தான். ஒரு அம்மா புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தார். அப்பாவும் மகளும் ஒரே மாதிரி தொப்பி.

கிளம்பியதும் எல்லோரும் என்னைத் தாண்டினார்கள். அந்த அம்மாவும் தாண்டினார். காலில் ஒரு துடிப்பு, ஓடு ஓடு என்று. இரண்டாவது நிமிடம் பீப் அடித்தது. எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் நடக்க ஆரம்பித்ததுதான் இந்த ஓட்டத்திலேயே கஷ்டமான இடம். ஒரு வாலண்டியர் பையன், "அக்கா, அதுக்குள்ளயா? வாங்க, வாங்க" என்று கை தட்டினான். அவன் உற்சாகப்படுத்தத்தான் சொன்னான், எனக்குத்தான் சுருக்கென்றது. வாட்சைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். மறுபடி பீப், மறுபடி ஓட்டம்.

முதல் சுற்று முடிய 22 நிமிடம் 40 விநாடி. மூச்சு ஒழுங்காக இருந்தது, பேச முடிந்தது. இரண்டாவது சுற்றில்தான் அதிசயம். முதலில் என்னைத் தாண்டிப் போனவர்களெல்லாம் ஒவ்வொருவராக எதிர்ப்பட்டார்கள். இடுப்பில் கை வைத்து நிற்கிறவர்கள், ஷூ கயிற்றைக் கட்டுகிற சாக்கில் உட்கார்ந்தவர்கள். புடவை அம்மா மட்டும் விடவேயில்லை. அவரும் நானும் கடைசி ஒரு கிலோமீட்டர் முன்னும் பின்னுமாக வந்தோம். நான் நடக்கும்போது அவர் தாண்டுவார், ஓடும்போது நான் தாண்டுவேன். மூன்றாவது தடவை தாண்டும்போது இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காட்டில் களை எடுக்கிற வேலையாம், சூலூர்ப் பக்கமாம். பேத்தி பள்ளியில் கொடுத்த இலவசப் பதிவில் வந்திருக்கிறார். இதுதான் முதல் தடவை என்றார்.

கடைசி 300 மீட்டரில் பீப் அடித்தது. நான் நடக்கவில்லை. அந்த ஒரு முறை மட்டும்.

ஃபினிஷ் கடிகாரத்தில் 46.05. சிப் நேரம் 45 நிமிடம் 11 விநாடி. வாட்சில் 5.08 கி.மீ. காட்டியது. தண்ணீர் இருந்தது, மெடல் இருந்தது. அலுவலகப் பிள்ளைகள் யாரும் போகவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கத்தினார்கள். அழுதுவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை.

அப்புறம் உடனே வீட்டுக்குப் போகவில்லை. ஒண்டிப்புதூர் ஐயா, உங்களை நினைத்துக்கொண்டு வளைவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். கடைசியாக ஒரு பெரியவர் 66-வது நிமிடத்தில் வந்தார், கூடவே சைக்கிளில் ஒரு வாலண்டியர். வளைவு அப்படியே நின்றது. நானும் அந்தச் சூலூர் அம்மாவும் கை வலிக்கத் தட்டினோம்.

ரேஸ்கோர்ஸ்_5மணி

அக்கா, 22.40, அப்புறம் 22.31. இரண்டாவது சுற்று ஒன்பது விநாடி வேகம்! பழைய ஓட்டக்காரர்களுக்கே இது லேசில் வராது. முதல் ஓட்டத்திலேயே பண்ணிவிட்டீர்கள். நன்றாகச் சாப்பிட்டு இரண்டு நாள் வெறும் நடை மட்டும் நடங்கள், தொடை வலி போய்விடும்.

5.08 பற்றிக் கவலை வேண்டாம். முறையாக அளக்கிற பாதையை வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, இருப்பதிலேயே குறுக்கு வழியில்தான் அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடவும் சேர்ப்பார்கள். நாம் ஆளைத் தாண்டி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, வளைவில் அகலமாகப் போவோம். மரத்தடியில் ஜிபிஎஸ்ஸும் கொஞ்சம் தடுமாறும். எல்லோருக்கும் கூடத்தான் காட்டும்.

தண்ணீர்ப்பந்தல்

66-வது நிமிடத்தில் வந்த பெரியவருக்குத் தண்ணீர் கொடுத்தது நான்தான். துணி மூடிய கேனில் மூன்று மிச்சம் இருந்தது. கை தட்டிக்கொண்டு நின்ற இரண்டு பெண்களையும் பார்த்தேன், நீங்கள் என்று தெரியாமல் போய்விட்டது.

முழுஓட்டம்

அக்கா, வாழ்த்துகள். நான் நிற்காமல் ஓடியது 41 நிமிடம், ஆனால் என் இரண்டாம் பாதி முதல் பாதியைவிட மூன்று நிமிடம் அதிகம். அடுத்த வாரம் இரண்டுக்கு ஒன்று முறையைப் போட்டுப் பார்க்கப் போகிறேன். வாட்சில் அந்த பீப் எப்படி வைப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

ஒண்டிப்புதூர்64

படித்துவிட்டு மருமகளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். இனிமேல் போக மாட்டேன் என்று ஷூவைப் பரணில் போட்டு வைத்திருந்தேன், அவள்தான் எடுத்துத் தந்தாள். பிப்ரவரியில் நம் பக்கம் ஒரு 5 கி.மீ. இருக்கிறது. கட்-ஆஃப் கேட்டேன், 75 நிமிடமாம். பெயர் கொடுத்துவிட்டேன். டி-ஷர்ட் அளவு மட்டும் கேட்டிருக்கிறார்கள். எனக்குச் சட்டை 40. எம் போடுவதா, எல் போடுவதா?

வடவள்ளி_ஓட்டக்காரி

எல் போடுங்க ஐயா. ஒரு தடவை துவைத்தால் சுருங்கிவிடும்.